வேறு வைத்தல்

செக்காலை ரோட்டில், பாத்திரக் கடைக்கு மேலே,
சீட்டுக் கம்பெனியின் முப்பத்தெட்டுக் கணினிகள்
அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கியது சனிக்கிழமை.
திங்கள் ஒன்பதரைக்கு எல்லாம் ஓட வேண்டும்
என்றார் மேனேஜர் சாத்தப்பன்.

முதலில் ஒன்றைப் பழக்கினேன்.
தமிழ் விசைப்பலகை. மூலையில் வசூல் மென்பொருள்.
பிரிண்டர், மாடியில் இருப்பது அல்ல, கீழே இருப்பது.
தேதியில் நாள் முன்னால், மாதம் பின்னால்:
ஜூலை நாலில் கட்டவேண்டிய தவணை
ஏப்ரல் ஏழிலேயே தவறிப்போனதென்று
நோட்டீஸ் போன கதை உண்டு இங்கே.
அப்புறம் அந்தக் கமா.
பத்து லட்சத்தை மில்லியனாய் வெட்டுகிற கமாவைப் பிடித்து
லட்சத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்காரவைத்தேன்.

அதையே அச்சாக்கி
முதல் பத்தில் ஊற்றினேன்.
பத்தும் கண் விழித்தன.
பத்தும் என்னை யார் என்று கேட்டன.
திரையில் எந்த ஊர் மலையோ.
மாதம் முன்னால், நாள் பின்னால்.
மில்லியன்.

ஞாயிறு பகல் மூன்று மணி. கரண்ட் இல்லை.
யூபிஎஸ் தவளை மாதிரி கத்திக்கொண்டிருந்தது.
நிலுவை பார்க்க வந்திருந்த கேஷியர் உண்ணாமலை
என்ன ஆச்சு என்றார்.
சொன்னேன்:
செய்ததையெல்லாம் என் கணக்கில் செய்துவிட்டேன்.
புதிதாய் வருகிறவர் என் கணக்கிலிருந்து பிறப்பதில்லை.
டீஃபால்ட் என்று ஒரு கோப்புறை, கண்ணுக்குத் தெரியாது,
அதில் யாரும் குடியில்லை.
ஆனால் வருகிற ஒவ்வொருவரும்
அதிலிருந்து எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.
அங்கே வைக்காதது ஒருவருக்கும் சேராது.

அவர் லெட்ஜரை மூடாமலே சொன்னார்:
"அப்ப இது வேறு வைக்கிற மாதிரி.
எங்களையும் வச்சாங்க.
ஒரே வீடு, ஒரே வாசக்கதவு.
உள்ளே எனக்குன்னு ஒரு அடுப்பு,
ஒரு வருஷத்துக்கு அரிசி, புளி, வரமிளகாய், உப்பு,
எண்ணி எழுதி வச்சாங்க.
அன்னையிலிருந்து நாங்க தனிப் புள்ளி.
இடுக்கியை மட்டும் மறந்துட்டாங்க.
மொத நாள் பாலை முந்தானையால எறக்கினேன்."

இடுக்கி.
கரண்ட் வந்ததும் பதில் கோப்பைத் திறந்தேன்.
சுயவிவரத்தை நகலெடு என்கிற வரியே அதில் இல்லை.
எழுதினேன். நேரே 'உண்மை' என்று இட்டேன்.
எனக்கு இனி நம்பிக்கை இல்லாமல்
மாதிரிக் கணினியில் அவரையே உட்காரச் சொன்னேன்.
எழுத்தைப் பெரிதாக்கினார்.
தேவையில்லாத படங்களைக் குப்பைக்குத் தள்ளினார்.
ரசீது மட்டும் நடுவில்.
எழுந்து போன பிறகு நான் எதையும் தொடவில்லை.

இரவு பதினொன்றரைக்கு முப்பத்தெட்டும் விழித்தன.
தேதி சரி. கமா சரி.
கீழே புரோட்டாக் கடை மூடிவிட்டிருந்தது.

திங்கள். சாத்தப்பன் சுட்டியை அழுத்தினார்.
மெனு விரிந்தது.
மறுபடி அழுத்தினார். மறுபடி மெனு.
ஹால் முழுக்க யாரும் எதையும் திறக்கமுடியாமல்
மெனு மேல் மெனுவாக விரித்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்குப் புரிய ஐந்து நிமிஷம் பிடித்தது.
உண்ணாமலை இடக்கைக்காரர்.

"பதினாறு வருஷமா நான்
மாத்தி வச்சு மாத்தி வச்சு வேலை பார்த்தேன்.
ஒருநாள் நீங்க பாருங்களேன்" என்றார்.
ரசீதை டர்ரென்று கிழித்து நீட்டினார்,
அந்தக் கையாலேயே.

மதியத்துக்குள் முப்பத்தேழைத் திருப்பிவிட்டேன்.

புதன்கிழமை கோட்டையூரிலிருந்து
வயிரவன் என்று ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான்.
பெயரைத் தட்டினான். ஒரு நிமிஷம் சுழன்றது.
உள்ளே எல்லாம் இருந்தது.
முதல் ரசீது அடித்தான், மூன்றரை லட்சம்.
கமா அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.
அவன் அதைப் பார்க்கவேயில்லை,
டீ எப்போது வரும் என்று கேட்டான்.

நான் பில் கொடுத்திருக்கிறேன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார் சாத்தப்பன்.
அந்தத் தொகைக்குக் கமா
எந்த நாட்டு வழக்கத்திலும்
ஒரே இடம்தான்.