கச்சான் காலத்துப் புள்ளிகள்

என்.சி. வீதியில் எங்கள் ஸ்ரூடியோ.
எதிரே மருந்துக்கடை, பக்கத்தில் கொத்துரொட்டிச் சத்தம்.
உள்ளே ஏ.சி. குளிரில்
ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முகம் துடைக்கிறேன்,
மவுஸால்.

வருகிறவர்களுக்கு அதன் பெயர் தெரியாது.
'அக்கா, இந்த ஊத்தையை எடுத்துவிடுங்கோ' என்பார்கள்.
மச்சம் என்பார்கள், மங்கு என்பார்கள்.
இரண்டும் இல்லை அது.
மூக்கின் இருபுறமும்
யாரோ சிவப்புச் சீனியைத் தூவிவிட்டு
ஊதித் தள்ள மறந்த மாதிரி.

சுணங்கு என்று ஒரு சொல் இருந்தது.
ஏ.எல். தமிழ்ப் பாடத்தில் பொருள் எழுதினேன்: அழகுத் தேமல்.
இரண்டு புள்ளி கிடைத்தது.
வேங்கைப் பூவின் தாது போல என்று விளக்கமும் எழுதினேன்.
வேங்கையை நான் கண்டதில்லை.
சுணங்கைக் கண்டிருக்கிறேன்
எட்டு வயதிலிருந்து, கண்ணாடியில்.

கச்சானில் கருக்கும். மாரியில் மங்கும்.
ஆடி மாதம் உப்புவெளிக் கடற்கரையில்
ஒரு பின்னேரம் நின்றால் போதும்,
எண்ணிக்கை கூடிவிடும்.
நோயில்லை என்றார் பெரியாஸ்பத்திரித் தோல் வைத்தியர்.
வெயிலுக்கு எதிராய் உடம்பு போடும் மை,
சிலருக்குப் பரவும், சிலருக்குச் சிந்தும்.
'அப்பாவுக்கு இருந்ததா?'
அப்பாவின் படம் ஒன்றுதான் மிச்சம், கறுப்பு வெள்ளையில்.
அதையும் யாரோ
திருத்தியிருக்கிறார்கள்.

எங்கள் பழைய இருட்டறையில் இப்போது தண்ணீர்ப் போத்தல் அடுக்குகிறோம்.
மூலையில் ஒரு தட்டு கிடக்கிறது, மருந்துக் கறையோடு.
படம் தாளில் முதலே விழுந்திருக்குமாம்,
மருந்தில் நனைந்தால்தான் வெளிக்குமாம்.
எனக்கு வெயில்.

பேச்சுக்கால் வந்தபோது என் படத்தை நானே துடைத்தேன்.
நூற்றுப் பதினாறு கிளிக்.
மாப்பிள்ளையின் தமக்கை வந்தா,
படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
'மற்றத் தங்கச்சி வரேல்லையோ?' என்று கேட்டா.

போன மாதம் பாலையூற்றிலிருந்து ரோஸ்லின் பல்தசார்.
பாஸ்போட் படம். மகளுக்குப் பிள்ளைப்பேறு, பேர்த்தில்.
நெற்றி, கன்னம், கழுத்து,
காதுமடல் கூட விடாமல் புள்ளி.
கேட்காமலே எடுத்துவிட்டேன், பழக்கம்.
ஒன்பதாம் நாள் திரும்பி வந்தா.
கந்தோரில் இருந்த பெடியன்
'இது நீங்கள் இல்லையே' என்றானாம்.

ஏசவில்லை. கதிரையில் இருந்து முழங்கையை நீட்டினா.
'இதெல்லாம் பப்பாவின்ர கையில கண்டது.
வெல்டிங் பட்டறை வைச்சிருந்தவர்.
நெருப்புப்பொறி பட்டுப் பட்டு வந்தது எண்டு நம்பினன்.
எனக்கும் வரத் தொடங்க
நான் பட்டறைப் பக்கமே போகேல்லையே எண்டு
ஒரே அழுகை.'
சிரித்தா. கன்னத்துப் புள்ளிகள்
ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டன.
'பள்ளிக்கூடத்தில மான்குட்டி எண்டுவாங்கள்,
கல்லெடுத்து எறிஞ்சிருக்கிறன்.
இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை.
அதுவும் ஒரு மாதிரித்தான் கிடக்கு.'

மறுபடி எடுத்தேன்.
விரல் தானாக மவுஸுக்குப் போனது.
மவுஸைக் கழற்றி லாச்சிக்குள் போட்டேன்.

வெளியே பஸ் ஸ்ராண்டடியில்
மான்கள் அன்னாசித் தோலுக்குச் சண்டை பிடித்தன.
ஒரு வெள்ளைக்காரி,
தோளெல்லாம் புள்ளி,
மூக்கில் கிறீம் அப்பிக்கொண்டு
அவற்றைக் கிட்டப் போய்ப் படம் எடுத்தாள்.
மானுக்குக் கிறீம் விற்கும் கடை
திருகோணமலையில் இன்னும் திறக்கவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
என் பையில் அரைவாசி ட்யூப் இருக்கிறது.
நேற்று இரவும் பூசினேன்.
ஆனால் இன்று, கடை பூட்டும் நேரம்,
பேச்சுக்காலுக்கு எடுத்த அந்தப் படத்தின்
துடைக்காத பிரதியைத் தேடித் திறந்தேன்.
பெரிதாக்கினேன்.
இடது கண்ணுக்குக் கீழே மூன்று, ஒரு வளைவில்.
இவற்றை நான் சந்தித்ததே இல்லை போல் இருந்தது.

மார்கழியில் எடுத்த படம்.
மழைக்காலத்திலேயே நூற்றுப் பதினாறு.
இப்போது ஆடி.
கண்ணாடி பின்னறையில் இருக்கிறது.