இரண்டாம், நான்காம் சனி

உத்தரவு ஒன்றரைப் பக்கம்.
தகப்பன் தன் மைனர் மகனை
மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில்
காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை
நீதிமன்ற வளாகத்துக்குள்
பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில்
அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு.
தாலி கட்டிய அன்று சாயங்காலம்
'பொண்ணைப் பாத்துக்குங்க மாப்ள' என்றார் அப்பா.
பார்த்தான்.
அவன் அண்ணன் என் ஆரத்தை அடகுக்கு எடுத்துப்போனபோது
பார்த்துக்கொண்டு இருந்தான்.
என் துணிப்பை வாசல் சேற்றில் வந்து விழுந்தபோதும்
கதவில் சாய்ந்தபடி.

விவாகரத்து மனுவில் நான் மனுதாரர்.
பிள்ளையைப் பார்க்கும் மனுவில் அவன் மனுதாரர்,
நான் எதிர்மனுதாரர்.
நாடா சுற்றிய ஒரே கட்டில்
இரண்டு பேரும் கிடக்கிறோம்
மூன்று வருஷமாக.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
மாசி அறுவடையில் சனிக்கிழமை லீவு கேட்டால்
சாக்கோடு சாக்காக என்னையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள்.
ஈரமானி எனக்கு வேண்டாம்.
நெல்லுக்குள் கையை விட்டே சொல்வேன்
பதினேழா, பத்தொன்பதா என்று.
பக்கத்தில் படுத்தவனைத்தான்
ஒருநாளும் சரியாகச் சொல்ல வந்ததில்லை.

இன்றைக்குப் பத்தாயிற்று. பதினொன்றாயிற்று.
திருவாரூர் கோர்ட்டுப் புங்கமரத்தடியில்
செந்தூரன் யாரோ போட்டுவிட்டுப்போன ரப்பர் பேண்டால்
எறும்புகளைக் குறிபார்த்து அடித்துக்கொண்டிருந்தான்.
'அப்பா வருமா?'
'கேட் போட்டிருப்பாங்க.'

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு
என் மனுவில் இடமில்லை.
'எதிர்மனுதாரர் எந்தக் காரியத்துக்கும்
குறித்த நேரத்தில் வந்ததில்லை',
பதினான்காம் பத்தி, நான் சொல்லி எழுதியது.
இவன் பிறந்த அன்றைக்கும்
கோவில்வெண்ணியிலிருந்து கிளம்பி
அந்தக் கேட்டில்தான் நின்றுகொண்டிருந்தான்.
அது எனக்குத் தெரியும்.

பதினொன்று ஐம்பதுக்கு ஓடிவந்தான்.
அறுவடை மெஷினிலிருந்து இறங்கி நேராக,
சட்டையெல்லாம் பதர்,
மஞ்சள் பையில் அவித்த பனங்கிழங்கு.
மகனைத் தூக்கி வைத்துக்கொண்டே
ஒற்றைக் கையும் பல்லுமாக நாரை உரித்தான்.
என் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு.
டவாலி கடிகாரத்தைப் பார்த்தார்.
அப்புறம் என்னை.
நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.
பிடித்தேன். கொப்பளித்தேன். கொட்டினேன்.
மறுபடி பிடித்தேன்.
கடைமடைக்கு வரும் தண்ணீர் மாதிரி
நூலாகத்தான் வந்தது, நல்லவேளை.
பன்னிரண்டு இருபது பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வக்கீல் ரெஜினா கேள்விப்பட்டால் திட்டுவார்.
'நீயா குடுத்த இருபது நிமிஷத்தை
நாளைக்கு உரிமைன்னு கேப்பாங்கம்மா.'
அவர் சொல்வது சரி.

திருத்துறைப்பூண்டி வரும்வரை
பையன் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தான்.
வீட்டில் சட்டையைக் கழற்றினால்
தோள், கழுத்து, இடதுபக்கக் கன்னம்,
அவன் தூக்கி வைத்திருந்த இடமெல்லாம்
நெல் சுணை.
சிவந்து, தடித்து.
தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.
என் விரலும் கொஞ்சம் அரித்தது.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.