முப்பது நிமிடம்

சென்னையில் மலை இல்லை என்று
பள்ளிக்கூடத்தில் படித்தேன்.
கொடுங்கையூருக்கு வந்து பாருங்கள்.
நாம் கொட்டிக் கொட்டியே வளர்ந்தது,
கோடையில் தானாகப் புகையும்,
உச்சியில் பருந்தும் லாரியும்.
அதன் அடிவாரத்தில் எனக்கு நைட் ஷிப்ட்:
சாக்கடையைத் திரும்பத் தண்ணீராக்குவது.
ஆக்குவது பெரிய சொல்.
ஆக்கப் பார்ப்பது.

வியாசர்பாடி குளித்தது, பெரம்பூர் துவைத்தது,
ஏதோ கல்யாண மண்டபம்
அண்டா அண்டாவாய் ரசம் கழுவி ஊற்றியது,
எல்லாம் நள்ளிரவுக்குள் என்னிடம் வந்துவிடும்.
சல்லடைக் கம்பியில் முதலில் மாட்டுவது முடி.
பிறகு ஷாம்பூ பாக்கெட், பூக்கட்டிய நார்.
ஒருமுறை ஒரு பல்செட்டு.
மூன்று நாள் ஜன்னலில் வைத்திருந்தேன்,
யாரும் கேட்டு வரவில்லை.

என் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள்.
கோடி கோடியாய்த் தொட்டிக்குள் கிடக்கிறார்கள்.
சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, பொங்கலுக்கும் லீவு இல்லை.
கேட்பதெல்லாம் காற்று.
விடாமல் ஊதிக்கொண்டிருந்தால்
நம் அசிங்கத்தைத் தின்று கொழுத்து
சத்தமில்லாமல் கீழே படிவார்கள்.
கண்ணாடி உருளையில் ஒரு லிட்டர் மொண்டு வைத்து
முப்பது நிமிடம் பார்ப்பேன்.
கருப்பட்டிக் காபி நிறம் மெல்ல இறங்கும்,
மேலே தெளியும்.
நலமாய் இருக்கும் சேறு நாறாது,
முதல் மழை விழுந்த மண்ணாய் மணக்கும்.
வீட்டில் இன்னாசியிடம் இதைச் சொன்னேன்.
"குளிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய் இரவு
மழையோடு கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி நின்றது.
குமிழிகள் ஒவ்வொன்றாய் அடங்கின.
இருபது வருஷத்தில் நான் கேட்காத அமைதி.
வரும் தண்ணீர் விளிம்பைத் தொட்டது.
போனில் ஏ.ஈ. சொன்னார்:
"பைபாஸ் திறந்துடுங்க அமலோற்பவம்.
ரிஜிஸ்டர்ல நார்மல்னு போட்டுடுங்க."

திறந்தேன்.
திறக்காவிட்டால் வியாசர்பாடியில்
கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் ஏறும்.
சக்கரம் இருபத்திரண்டு சுற்று.
ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டது கால்வாய்,
அதற்கு அதுதான் பழக்கம்.
ரிஜிஸ்டரில் மட்டும் என் பேனா மக்கர் செய்தது.
2.45 முதல் 4.15 வரை பைபாஸ், என்று எழுதிவிட்டேன்.
மெமோ வந்தது. பத்திரமாய் மடித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கால்வாய் எங்கே போகும் என்று தெரியும்.
எண்ணூர் முகத்துவாரத்தில்
பறியை வாயில் கவ்விக்கொண்டு
சேற்றைக் கையால் தடவி
இறால் எடுக்கிறவள் பூங்காவனம்.
சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருவாள்.
இரண்டு சனிக்கிழமை காணோம்.
மூன்றாவதில் வந்தாள். கூடையில் கால் கிலோகூட இல்லை.
முழங்கை வரை கொப்புளம்.

"தண்ணி சரியில்லக்கா.
மேல எவனோ தொறந்து வுட்டுக்கினான்."

எவனோ இல்லை என்று சொல்ல
ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.
தேதி சொன்னேன், நேரம் சொன்னேன்,
சக்கரம் சுற்றிய கையையும் காட்டினேன்.
திட்டுவாள் என்று நின்றேன்.
அவள் தராசைக் கவிழ்த்து வைத்தாள்.
வெகுநேரம் கழித்து,
"அடுத்த தபா தொறக்கச் சொல்லோ
ஒரு போன் அடி.
எங்காளுங்க யாரும் எறங்க மாட்டாங்க" என்றாள்.
நம்பரை இரண்டு முறை சொன்னாள்.
இறாலுக்குக் காசைக் குறைக்கவில்லை.

பைபாஸ் சக்கரத்துக்கு மேலே சுவரில்
மஞ்சள் பெயின்ட்டில் இப்போது பத்து இலக்கம்.
சோதனைக்கு வந்த அதிகாரி கேட்டார்,
"யாரிது, ஜெனரேட்டர் மெக்கானிக்கா?"
"இல்ல சார்,
தண்ணி போற இடம்."
அவருக்கு விளங்கவில்லை. வாட்ச்சைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
உருளையில் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது.