வெட்டிய ஓரம்

பதினாறுக்கு எட்டு. சதுர அடி ஏழு ரூபாய்.
மே பதினெட்டுக்கு மக்கான் சிக்னலில் நிற்கப்போகிற பேனர்.
வட்டச் செயலாளர் தணிகைவேல்
என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
டீ கிளாஸால் திரையைத் தொட்டுக் காட்டினார்:
தலைவர் இங்க, இடது பக்கம்.
நான் இங்க, கை கூப்பின மாதிரி.
அந்தப் பிள்ளை கீழ.
ரத்தம் மங்கலா இருக்குது பார்,
சிவப்பைக் கொஞ்சம் தூக்கு.

தூக்கினேன்.

பிள்ளைக்கு நாலு வயது இருக்கலாம்.
தேடலில் மூன்றாவதாக வந்த படம் அது,
முதல் இரண்டும் அகலம் போதவில்லை.
இடது ஓரத்தில் ஏதோ துணி, ஒரு முழங்கை,
தலைவரின் தோளில் இடித்தது.
வெட்டினேன்.
மூலையில் வெள்ளையாய்ப் பொடி எழுத்தில் ஒரு பெயர்.
அதையும் துடைத்தேன்.

கோட்டை அகழி பச்சையாய் நாறும் கத்திரி வெயில்.
எதிர்க்கடை ஜெராக்ஸ் இம்தியாஸ் வந்து சொன்னான்:
நல்லா வந்திருக்குதுப்பா,
ஒரு பொம்பள தெனம் வந்து நின்னு பாக்குது.
எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.
அதை மறைத்து எழுதினால்
இதுவும் இன்னொரு பேனர்.

நான்காம் நாள் அவளே கடைக்கு வந்தாள்.
மேல்மொணவூர் முகாம்.
பெயர் யோகராணி என்று பிறகு தெரிந்தது.
இந்தக் கடையில் பெயரை முதலில் கேட்பதில்லை,
அளவைத்தான் கேட்போம்.

திட்டப்போகிறாள் என்று
பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டேன்:
உலகத்துக்குத் தெரிய வேணாமா அக்கா.
பார்த்தால்தானே யாராவது கேட்பார்கள்.
நானா எடுத்தேன், நான் வெறும் டிசைனர்.

ஒன்றும் தேவைப்படவில்லை.

"தம்பி, அது என்ர மகன்.
நான் தண்ணிக்குப் போனனான். திரும்பி வர
அந்த இடத்தில ஒருத்தரும் இல்லை.
அவன் முடிஞ்சான் எண்டு
உந்தச் சிக்னல்லதான் கண்டனான்.
அதைக் கதைக்க வரேல்லை.
மூத்தவள் அவனுக்கு அங்கால படுத்திருந்தவள்.
படம் இன்னும் கொஞ்சம் இருக்குமே, அந்தப் பக்கம்?
ஒரு கை இருக்குமோ, காப்புப் போட்ட கை?"

ஃபைலின் மேலேயே சேமித்திருந்தேன்.
திரும்பத் தேடினேன்.
மின்சாரம் போய் வந்தது, தேடினேன்.
எல்லாப் பிரதியிலும் யாரோ எதையோ வெட்டியிருந்தார்கள்.
கடைசியில் ஒன்றில் முழங்கை.
பெரிதாக்கினேன். சதுரங்கள்.
மணிக்கட்டுக்கு முன்பே படம் முடிந்தது.

எனக்கும் முன்னால் ஒருவர் வெட்டியிருக்கிறார்,
கண்ணை வியூஃபைண்டரில் வைத்து,
குண்டு விழும் சத்தத்துக்கு நடுவில்,
ஒரு நொடியில்.
அவரை நான் என்ன சொல்ல.

"எடுத்தவரைக் கேக்கலாமோ, தம்பி?
படத்தில இல்லாததையும் அவர் பாத்திருப்பார்."

வெள்ளைப் பொடி எழுத்து.
கண்ணை மூடிப் பார்த்தேன்.
முதல் எழுத்துகூட வரவில்லை.

ஆறு மணிக்குள் முகாமுக்குப் போக வேண்டும், இன்று பதிவு.
எழுந்தவள் ஒரு பிரிண்ட் கேட்டாள்.
மகன் வேண்டாம், அந்தக் கை மட்டும்.
எந்த அளவு என்றேன், வாய்ப்பழக்கம்.
"பொத்திப் பிடிக்கிற அளவு."

கொடுத்தேன். பழுப்பாய்ச் சில சதுரங்கள்.
வெயிலில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு
நடந்தாள்.

ஜூன் கடைசியில்
விருதம்பட்டில் ஒரு மாம்பழ வண்டிக்கு
கூரையாகியிருந்தது பேனர்,
படம் உள்பக்கம் பார்க்க.
வெயில் ஏறி, நான் தூக்கிய சிவப்புதான் முதலில் வெளுத்திருந்தது.
பிள்ளை தலைகீழாய் பங்கனப்பள்ளிக் குவியலைப் பார்த்தபடி.

கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டே
கயிறு கட்ட மடித்திருந்த ஓரத்தைப்
பிரித்துப் பார்த்தேன்.

என்னா சார் தேடுற, என்றார் வண்டிக்காரர்.

மடிப்புக்குள்
தலைவரின் தோள் இருந்தது.