முயற்கொம்பு

வில்காரா சாலைவிடுதியை விட்டால்
அடுத்த பெட்ரோலுக்கு இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.
அதனால் எல்லாரும் இங்கே நின்றாக வேண்டும்.
நின்றவர்கள்
கிளென்டனின் பொய்யைக் கேட்டாக வேண்டும்.

நான் சமையல்கட்டில்.
பரிமாறும் சன்னல் வழியே
இடுப்புக்கு மேல், கழுத்துக்குக் கீழ்
அவ்வளவுதான் மனிதர்கள் எனக்கு.
அன்று பொழுது சாயும் நேரம் வந்த இரண்டு உடம்புகளில்
ஒன்றின் புதுச்சட்டையில் ஒட்டகம்.
குரல்
ஒட்டகத்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

"ஹாய்! நான் டார்லா! வயோமிங்!
என்ன அற்புதமான இடம்!"
எந்த இடத்தைச் சொல்கிறாள் என்று
கிளென்டன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
நிலத்தடியில் தங்கம் கிடைத்தாலும்
'பரவாயில்லை' என்கிற ஊர் இது.
மாடு செத்தாலும் அதே பரவாயில்லை.
டார்லாவுக்கோ ஈ மட்டை அற்புதம்,
ஓடாத கடிகாரம் அற்புதம்,
நான் கருகவிட்ட இறைச்சி பை
பிறந்ததிலிருந்து தின்றதிலேயே அற்புதம்.
பதினோரு வருடத்தில் ஒருத்தர் சொன்னதில்லை.
ஐஸ் கேட்டாள். இன்னும் கேட்டாள்.
மீன் பெட்டியில் இருந்ததையும் கழுவிக் கொடுத்தேன்.

பிறகு கேள்விகள்.
கங்காரு வாடகைக்குக் கிடைக்குமா?
டிசம்பரில் வெயில் என்றால்
கிறிஸ்துமஸ் எந்த மாதம்?

கிளென்டன் கைத்துணியை நாலாக மடித்தான்.
அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.
அருள் வருவதற்கு முந்தைய அமைதி.

"இன்று ஞாயிறு. கங்காருவுக்கு விடுமுறை.
அவற்றின் தொழிற்சங்கம் பொல்லாதது."
"அப்புறம், மரத்தடியில் நிற்காதீர்கள்.
மேலேயிருந்து கரடி விழும்."
"எவ்வளவு பெரிய கரடி?"
"உங்கள் குரல் அளவு இருக்கும்."

நோட்டில் எழுதிக்கொண்டாள்.
கழிப்பறை வெளியே என்றதும்
ஒரு டார்ச்சும்
தலைக்கு ஒரு வாணலியும் கேட்டாள்.
என் வாணலி. கொடுத்தேன்.
சன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன்:
இரும்பைக் கவிழ்த்துக்கொண்டு
முற்றத்தைக் கடந்து போகிறாள்.
முற்றத்தில் இருப்பது ஒரே மரம்.
அதுவும் பட்டது. கிளை கிடையாது.

மற்ற உடம்பு, ஆர்வில், அவள் கணவன்,
அதுவரை வாயே திறக்கவில்லை.
அமெரிக்காவில் அப்படியும் செய்கிறார்கள் என்று
எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
பீரைப் பாதியில் வைத்துவிட்டு,
"எங்கள் பக்கம் முயல்தான் தொல்லை" என்றான்.
"முயலா?"
"கொம்பு முயல்."
கிளென்டன் துடைப்பதை நிறுத்தினான்.
"கடுவனுக்கு மட்டும்தான். பனிக்காலத்தில் உதிரும்.
உதிர்ந்ததன்மேல் வண்டி ஏறினால் டயர் போச்சு."

படம்கூட இருந்தது.
சுவரில் அறைந்த தலை, நீண்ட காது,
காதுகளுக்கு நடுவே கிளைவிட்ட கொம்பு.
அந்த மனிதன்
முயற்கொம்பைப் பணப்பையில் வைத்துக்கொண்டு
உலகம் சுற்றுகிறான்.

இருபது வருடமாகக் கரடி பொழிய வைத்தவன்
படத்தை விளக்கடியில் பிடித்தான்.
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்:
"கடிக்குமா?"
"சேச்சே. முட்டும்.
முழங்காலுக்குக் கீழேதான்.
கவ்பாய் எதற்காக அவ்வளவு உயரத்துக்கு
பூட்ஸ் போடுகிறான் என்று நினைத்தீர்கள்?"
"அதானே பார்த்தேன்," என்றான் கிளென்டன்.

டார்லா திரும்பி வந்தாள்.
"ஒன்றுகூட விழவில்லை," என்றாள்,
வாணலியை வருத்தத்தோடு நீட்டி.

விடியலில் கிளம்பிப் போய்விட்டார்கள்.
தட்டுக்கடியில் இருபது டாலர்.
மறந்து வைத்துவிட்டார்கள் என்று
புழுதிக்குப் பின்னால் ஓடினான் கிளென்டன்.
மூச்சிரைக்கத் திரும்பி வந்தவன்
பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
"சாதா முயலுக்கே
கடலிலிருந்து கடல்வரை வேலி போட்டுத் தோற்றவர்கள் நாம்,"
என்றான்.
"அதுவும் கப்பலேறி வந்துவிட்டால்?"

பரவாயில்லை, என்றேன்.

அன்று மாலை
கொல்லைக் கதவருகே
அவனுடைய ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது.
உள்ளே எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்,
அப்பன் காலத்து பூட்ஸாக இருக்கும்.