ஏழாம் கால், இடப்பக்கம்

லியூப்லியானாவில் பிப்ரவரி.
யெர்னேயா உருப்பெருக்கியின் கீழ்
ஒரு குகைவாசியின் ஏழாம் காலைக் கழற்றுகிறாள்.
இறாலுக்குத் தூரத்து உறவு.
அரிசியளவு உடல், நிறமில்லை, கண்ணில்லை.
கண் இருந்த இடத்தில் ஒரு வடுகூட இல்லை.
தொலைத்தது எப்போது என்பதுதான்
அவள் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.

முட்கள் பதினொன்று.
மறுபடி எண்ணினால் பன்னிரண்டு.

இந்த நாட்டு ஆறு சுண்ணாம்புப் பாறைக்குள் விழுந்து
காணாமல் போகும்,
அடுத்த பள்ளத்தாக்கில் வேறு பெயரோடு எழும்.
ஏழு பெயர், ஒரே தண்ணீர்,
பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள்.
அவள் உயிரிக்கோ கதை நேர்மாறு:
நூறு வருடமாய் ஒரே பெயர்,
மரபணுவில் மூன்று கிளை.

போன வாரம் வரைக்கும் மூன்று.

நேற்று போக்தான் அனுப்பிய வரிசையில்
ஏழாம் குகையின் மாதிரி ஒன்று
முதல் குகைக் கூட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.
கலப்படமாக இருக்கும், என்றான்.
அல்லது, என்று தொடங்கி
காபி எடுக்கப் போய்விட்டான்.

உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது.
ஏழாம் குகைக் கிளைக்குப் பெயர்கூட வைத்தாயிற்று.
கழுத்தளவு நீரில் முன்னால் நீந்திக்
கயிறு கட்டிக் கொடுத்த ஸ்லாவ்கோவின் பெயர்.
பகலில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்.
மதுக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்,
என் பெயரில் ஒரு குருட்டுப் பூச்சி வருது என்று.

அவரை அழைத்தாள்.
எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
புள்ளிவிவரத்திலிருந்து தொடங்கினாள்.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர்,
‘அப்போ அது செத்துப்போச்சா?’
‘இல்லை. இருக்கிறது.
தனியாக இல்லை, அவ்வளவுதான்.’
‘அது நல்ல சேதிதானே?’

பதில் தேடும் சாக்கில்
அந்தக் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.
உள்ளே, சாராயத்தில் ஊறும் சீட்டு.
பென்சில் எழுத்து, அவளுடையதுதான்,
மூன்று வருடம் முந்தைய நவம்பர்,
விரல்கள் விறைத்துப்போன நாள்.

இங்கே எல்லாரும் ஏழுக்கு
நடுவில் ஒரு கோடு போடுவார்கள்.
சின்ன வகுப்பிலிருந்து அவளும்தான்.
இந்தச் சீட்டில் அந்தக் கோடு இல்லை.
மேல்கொக்கி கொஞ்சம் நீளம்.
ஒன்றுக்கும் அப்படி வரும்.

திருப்பிப் பார்த்தாள்.
சாய்த்துப் பார்த்தாள்.
பக்கத்துக் குப்பியின் ஒன்றோடு வைத்துப் பார்த்தாள்.

‘கேட்குதா?’ என்றது தொலைபேசி.

‘ஸ்லாவ்கோ,’ என்றாள்,
‘சனிக்கிழமை வண்டி சும்மா இருக்குமா?’