தாமதத்திற்கு வருந்துகிறோம்

நெஞ்சில் நான்கு ஊசி குத்திய இலக்கம், நானூற்றுப் பதினேழு.
அதற்குக் கீழே பெயர்.
யோகாம்பிகை என்றுதான் படிவத்தில் எழுதினேன்;
இடம் போதவில்லையாம்,
யோகா என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள்.
"மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவீங்களா ஆன்ட்டி?"
தண்ணீர்ப் போத்தல் நீட்டும் பெட்டை கேட்கிறாள்.
எனக்கே இப்போது மூச்சு விட
ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் வெளிச்சம் இன்னும் அரைகுறை.
மரைன் டிரைவ் முழுக்கச் செம்மஞ்சள் ரீ சேட்.
சிறுநீரகம் பழுதான பிள்ளைகளுக்கு இயந்திரம் வாங்க
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு.
"இது போட்டியில்லை" என்று ஒலிபெருக்கி மூன்று தரம் சொல்லிற்று,
சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு.
தமிழில் யாரும் சொல்லாததால்
அது எனக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் முன்னால் மிஸ்டர் சேனாதீர நிற்கிறார்.
வயது எழுபது. இடது முழங்காலில் கறுப்பு உறை.
வங்கி முகாமையாளராக இருந்த ஒருவரின் பிடரி.
போன வருடம் கடைசி இருநூறு மீற்றரில்
"குட் மோர்னிங்" சொல்லிக்கொண்டே என்னைக் கடந்தார்.
பன்னிரண்டு மாதம்
அந்தக் குட் மோர்னிங் என் பல்லிடுக்கில் கிடந்தது.

விசில்.
முதலில் வெறும் முழங்கைகள்.
ஒரு தகப்பன் தள்ளும் குழந்தை வண்டி என்னை முந்துகிறது;
உள்ளே இருப்பவன் பிஸ்கட் தின்கிறான்.
போகட்டும்.
இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல்,
வலப்பக்க மாடிகளில் எங்கோ சம்பல் இடிபடுகிறது.
டொக்டர் நடக்கத்தான் சொன்னார்.

முப்பத்தொரு வருடம் கோட்டை நிலையத்தில்
கண்ணாடிக்குள் இருந்து பேசினேன்.
இரண்டாவது குரல் நான்.
சிங்களத்தில் பியசீலி முடித்ததும் என் விளக்கு எரியும்:
அளுத்கமையிலிருந்து வரும் புகையிரதம்
நாற்பது நிமிடங்கள் தாமதமாகும்,
தாமதத்திற்கு வருந்துகிறோம்.
ஒருநாளும் வருந்தியதில்லை.
தலைக்கு மேல் காற்றாடி, கைக்கெட்ட பிளேன்ரீ.
தாமதம் மேடையில் நின்றவர்களுடையது.

கொள்ளுப்பிட்டியில் சிவப்புக் கூம்பைச் சுற்றித் திரும்பும்போது
அவர்கள் எல்லோரும்
குடையோடும் சோற்றுப் பார்சலோடும்
என் தொடைகளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

பம்பலப்பிட்டியில் ரயில்.
திரும்பிப் பார்க்காமலே தெரியும், ஒன்பது நிமிடம் பிந்தி.
கதவில் தொங்கும் பெடியன்கள்
"துவன்ன ஆன்ட்டி, துவன்ன!" என்று கத்துகிறார்கள்.
ஐந்து பெட்டி நீளத்துக்கு
அவர்களோடு ஓடினேன், உண்மையாகவே ஓடினேன்.
பிறகு தண்டவாளமும் நானும்.

சேனாதீர இருபது அடி முன்னால்.
உறை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது,
குனிந்து இழுக்கிறார்.
நின்று உதவலாம். நல்ல காரியத்துக்கான ஓட்டம்.
என் நல்ல மனசெல்லாம்
அந்த ஆயிரத்தைந்நூறோடு கட்டி முடிந்தது.
குட் மோர்னிங் நாக்கு நுனிவரை வந்தது;
சொல்ல ஒரு மூச்சுச் செலவாகும்,
கையிருப்பில் அந்த ஒன்றுதான்.
சொல்லாமல் கடந்தேன்.

முடிவுக்கோட்டில் ஒருவருமில்லை.
கைதட்ட வேண்டியவர்கள் செவ்விளநீர் வரிசையில்.
மணிக்கூட்டில் நாற்பத்து மூன்று நிமிடம், பதினாறு செக்கன்.
அறிவிப்புப் பெடியன் கட்லட் தேடிப் போக
கதிரையில் மைக் தனியே கிடந்தது.

எடுத்தேன். பெருவிரலுக்குப் பொத்தான் தெரிந்திருந்தது.
பியசீலி முடிக்கட்டும் என்று
பழக்கத்தில் இரண்டு கணம் காத்திருந்தேன்.
பிறகு,
பயணிகளின் கவனத்திற்கு.
கொள்ளுப்பிட்டியிலிருந்து வரும் யோகாம்பிகை
இப்போது வந்து சேர்ந்துள்ளார்.
மின்கம்பிக் காகங்கள் எழும்பின.
அடுத்து வரும் சேனாதீர
சில செக்கன்கள் தாமதமாகும்.

தன் பெயர் மட்டும் விளங்கியிருக்கும் அவருக்கு.
உறையைக் கையில் பிடித்தபடி நொண்டி வந்து
கோட்டைத் தாண்டி,
வாய் நிறைய
"குட் மோர்னிங்" என்றார்.